மருத்துவம் படிக்குமுன் போட வேண்டிய நேரக் கணக்கு

நீட் மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் பற்றி வீடுகளில் பேசுகிற அளவுக்கு, பிள்ளையின் இரவுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் என்னவாகும் என்று பேசுவதில்லை. அதையும் ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது.

முதலில் வயது. எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, கட்டாயப் பயிற்சி ஓராண்டு, முதுநிலைப் படிப்பான எம்.டி. அல்லது எம்.எஸ். மூன்றாண்டு, அதற்கும் மேல் டி.எம். என்னும் உயர் சிறப்புப் படிப்பு என்றால் இன்னும் மூன்றாண்டு. 18 வயதில் சேருபவர் இடையில் ஓராண்டுகூட இழக்காவிட்டால்தான் 30-ஐ நெருங்கும்போது முடிப்பார். அதே தாளில் அந்தந்த ஆண்டுக்கு நேராகப் பெற்றோரின் வயதையும் எழுதுங்கள்.

அடுத்து வாரக் கணக்கு. முதுநிலை பயிலும் மருத்துவர்களுக்குத் தொடர்பணி நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைப் பொதுவாகத் தாண்டக் கூடாது என்று 1992-இலேயே மத்திய அரசு விதித்திருக்கிறது; ஆனால் விதியை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். தெரிந்த பயிற்சி மருத்துவர் ஒருவரிடம், போன வாரம் எந்தெந்த இரவு தூங்கினார் என்று நாள்வாரியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் “பரவாயில்லை” என்றுதான் சொல்வார்கள். என் அண்ணன் மகளிடம் அப்படிக் கேட்டபோது, மரச்சீனிக் கிழங்கை மீன் குழம்பில் பிசைந்த கையோடு யோசித்துக்கொண்டே இருந்தாள். செவ்வாய் இரவு எங்கே இருந்தாள் என்பது கடைசிவரை நினைவுக்கு வரவில்லை.

பிரிவைப் பொறுத்து நிலைமை பெரிதும் மாறும். மகப்பேறு கடிகாரம் பார்ப்பதில்லை. அவசர அறுவை என்றால் மயக்க மருத்துவரும் எழுந்து வர வேண்டும். தோல் நோய், ரத்தத்தையும் திசுக்களையும் ஆய்ந்து பார்க்கும் நோயியல் ஆகிய பிரிவுகளில் இரவு அழைப்பு குறைவு. ஆனால் தோல் நோய்ப் பிரிவில் இடம் கிடைக்க முதுநிலை நுழைவுத் தேர்வில் உயர்ந்த தரவரிசை தேவை என்பதால், அது கிடைத்துவிடும் என்று நம்பி மருத்துவத்தில் சேருவது லாட்டரிச் சீட்டு வாங்குவதற்குச் சமம்.

ஓணம், கோயில் கொடை, கிறிஸ்துமஸ் என்று எந்த நாளை விட்டுக்கொடுக்க மனம் வராது என்பதையும் குறியுங்கள். வீட்டின் முன்னறையிலேயே கிளினிக் வைத்தால் அந்த நாளிலும் கதவு தட்டப்படும்.

1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற குழுவிலிருந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் சோமர்வெல், பிறகு குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்தார். 1924-இல் மறுபடியும் எவரெஸ்டுக்குப் போனார். அவர் மலையில் இருந்தபோது இங்கே நோயாளிகளை யாரோ ஒருவர் பார்த்திருக்கத்தான் வேண்டும். ஆகவே எந்த வேலையில் சேருமுன்பும், சம்பளத்தைக் கேட்பதற்கு முன், தாம் விடுப்பில் போனால் தம் இடத்தில் யார் நிற்பார் என்று பெயரோடு கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.