பிள்ளையை வேறு நர்சரிக்கு மாற்றும் முன் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள்

எங்கள் கரையில் பள்ளிக்கூடமும் கடலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் திறக்கும். ஏப்ரல் 15-இல் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியோடு முடிகிறது. விசைப்படகுகள் கிளம்பி முதல் பாடு கரைக்கு வருவதற்குள் எல்கேஜி பீஸ் கட்டச் சொல்லி ஆள் வந்துவிடும். 61 நாள் வருமானம் இல்லாத வீட்டில், தடைக்கால நிவாரணமாக வரும் 8,000 ரூபாய் அரிசிக்கும் வட்டிக்கும் போன பிறகு, காதில் கிடந்ததை அடகு வைத்துக் கட்டுகிற பணம் அது. அதனால்தான் ஆகஸ்டில் ‘இந்த நர்சரி சரியில்லையோ’ என்று உறுத்தினாலும் வெளியே சொல்ல மனசு வருவதில்லை.

இது முதல் தவறு. பிள்ளை அங்கேயே இருந்தாலும் வெளியே வந்தாலும் கட்டிய பணம் போனதுதான். இனிக் கட்டப்போகும் பணத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். புது இடத்தின் அட்மிஷன், சீருடை, வேன். இதைப் புரட்ட முடியுமா என்பது நியாயமான கேள்வி. ‘அவ்வளவு கட்டியாச்சே’ என்பது கேள்வியே இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மூத்தவளை அவசரப்பட்டு மாற்றினேன். இளையவனைத் தாமதமாக மாற்றினேன். இரண்டு முறையும் கோட்டை விட்டேன்.

மூத்தவள் வாசலிலேயே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பத்து நாள்தான் பொறுத்தேன். ‘ஏத்தா, பிள்ளைன்னா அழத்தான் செய்யும், ஒரு மாசம் விட்டுப் பாரு’ என்று மாமியார் சொன்னது காதில் ஏறவில்லை. வேறு நர்சரியில் சேர்த்தேன். அங்கே முதல் நாளிலிருந்து மறுபடியும் அதே அழுகை. பழைய நர்சரிக்குப் பின்வீட்டு அக்கா பிறகு ஒருநாள் சொன்னார்: ‘நீ தெருமுனை தாண்டுறதுக்குள்ள உன் மக சறுக்குல ஏறிடுவா.’ மூன்று, மூன்றரை வயதில் அம்மாவைப் பிரியும்போது அழுவது இயல்பு. விட்டுப் போன பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது, திரும்பி வரும்போது முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்திருக்க வேண்டும். நான் வாசலை மட்டும் பார்த்தேன்.

அந்தப் பாடத்தைத் தப்பாகப் படித்ததுதான் அடுத்த கோளாறு. இளையவன் அழவே இல்லை. நல்ல பையன் என்று பெருமையாக இருந்தேன். காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வரும். எங்கள் ஊர் வெயிலில், ஐந்து மணி நேரம் ஒரு மடக்குக்கூடக் குடிக்காத பிள்ளை! விளையாட்டு மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டு வாசலை மிதித்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கழிவறைக்கு ஓடுவான். பிறகு மலச்சிக்கல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். ‘பள்ளிக்கூடத்துல ஒன்னுக்குப் போறானா?’ என்று டாக்டர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அங்கே கழிவறை இருட்டு, தாழ்ப்பாள் வெளிப்பக்கம். நாற்பது பிள்ளைகளுக்கு ஒரே ஆயா. போகாமல் இருக்க வேண்டும் என்றால் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று மூன்றரை வயதுப் பிள்ளை தானாகவே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான்.

அன்றிலிருந்து யார் என்னிடம் நர்சரி மாற்றுவது பற்றிக் கேட்டாலும், முதலில் பாட்டிலைப் பார், டிபன் டப்பாவைப் பார் என்பேன். நின்றுபோன படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்திருக்கிறதா, தூக்கத்தில் அலறுகிறதா, ஞாயிறு சாயங்காலமே வயிறு வலிக்கிறது என்கிறதா என்று பாருங்கள். அழாத பிள்ளைக்கு இவைதான் வாய்.

எல்லோரும் செய்கிற இன்னொன்று, பிள்ளையை உட்கார வைத்து விசாரிப்பது. ‘மிஸ் அடிச்சாங்களா? கிள்ளுனாங்களா?’ நாலு தடவை கேட்டால் அந்த வயதுப் பிள்ளை, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே ‘ஆமா’ என்று சொல்லிவிடும். வேறொரு நாள் ‘இல்லை’ என்று சொல்லும். இரண்டையும் நம்ப முடியாது; கேட்டுக் கேட்டு நாமே கெடுத்துவிட்டோம். ‘நீ மிஸ், நான் பிள்ளை’ என்று விளையாட உட்காருங்கள். என் மகன் பொம்மையைக் கதவுக்குப் பின்னால் வைத்து, ‘அழுதா வெளிய விடமாட்டேன்’ என்றான். நான் எதையும் கேட்கவில்லை. மறுநாள் பதினொன்றரைக்குச் சொல்லாமல் போய் நின்றேன். அப்புறம் அங்கே அவனை அனுப்பவில்லை.

அடி, இருட்டில் அடைத்து வைப்பது, பூட்டிய கிரில், மூடி சரியில்லாத கழிவுநீர்த் தொட்டி, புளிமூட்டை மாதிரி ஆளை அடைக்கும் வேன் இதெல்லாம் பேசிப் பார்க்கிற விஷயம் இல்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 பிள்ளைகளைத் தீக்குக் கொடுத்தோம். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு எல்கேஜி குழந்தை பள்ளிக் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. ‘சொல்லியிருக்கோம், சரி பண்ணிருவாங்க’ என்று ஒரு வாரம் பார்ப்பதும் தவறுதான். மறுநாளே நிறுத்திவிட்டுப் பிறகு பேசுங்கள். அடித்தார்கள் என்று தெரிந்தால் 1098 எந்த நேரமும் எடுப்பார்கள்.

மற்றவை பேசித் தீர்கிற ரகம். டைரியில் எழுதுவதில்லை, சாப்பாட்டை மீதி வைத்தால் சொல்வதில்லை, மிஸ் அடிக்கடி மாறுகிறார் என்பதெல்லாம். நேரில் போய் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், மூன்று வாரம் கொடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால், நர்சரி திருந்துவதற்குள் நீங்கள்தான் ஊர்ப்பேச்சு ஆவீர்கள். ‘இன்னும் ஏபிசிடி எழுத வரல’ என்பது இந்த இரண்டு ரகத்திலும் சேராது. அது நம் அவசரம். மூன்று வயது விரலுக்குப் பென்சிலைவிட மணல்தான் பொருத்தம், அது நம் கரையில் காசு கொடுக்காமலே கிடைக்கிறது.

கீழக்கரைப் பக்கம் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் வாப்பா சபுரில், அதாவது வெளிநாட்டு வேலையில் இருப்பார். இரவு வீடியோ காலில் ஆண்டுவிழா டான்ஸையும் பெரிய கட்டிடத்தையும் பார்த்துவிட்டு, ‘நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தணும்?’ என்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் கண்ணுக்குப் போவது அதுதான். பாட்டிலை, டப்பாவை இரண்டு வாரம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வார்த்தையால் சண்டை போடுவதைவிட அது வேலை செய்யும்.

புது இடம் தேடும்போது பழைய தவறையே திரும்பச் செய்கிறோம். வாசல் வளைவையும் ‘இங்கிலீஷ் மீடியம்’ போர்டையும் பார்த்துச் சேர்க்கிறோம். முதலில் கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் கிளம்பிவிடுங்கள். குடிக்க என்ன தண்ணீர் என்று கேளுங்கள். நம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், பிள்ளை குடிக்காது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், 20 பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஓர் ஆயா என்கிறது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பை எண்ணுங்கள். தூரத்தையும் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் பாம்பன் பாலத்தில் பைக்கே தள்ளாடும். தங்கச்சிமடத்துப் பிள்ளையை ‘நல்ல ஸ்கூல்’ என்று பாலம் தாண்டி மண்டபம் பக்கம் வேனில் அனுப்ப வேண்டுமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

பால்வாடியைப் பார்க்காமலே ஒதுக்குவதும் உண்டு. காசில்லாதவர்கள் போகிற இடம் என்ற நினைப்பு. சமைத்த சோறு, முட்டை, ஆட்டம் பாட்டம் எல்லாம் அங்கே உண்டு. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜியும் தொடங்கினார்கள். எல்லா மையமும் நன்றாக இருக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அங்கேயும் பதினொன்றரைக்குப் போய்ப் பாருங்கள்.

காகித வேலையில் இரண்டு இடத்தில் சறுக்குவோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளை என்றால், அந்த இடம் அந்தப் பள்ளியோடு போய்விடும், கூடவே வராது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். இன்னொன்று, டிசி வாங்கியதோடு விட்டுவிடுவது. எமிஸில், அதாவது கல்வித்துறையின் ஆன்லைன் மாணவர் பதிவில், பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலுக்கு விட்டால்தான் புதுப் பள்ளி எடுக்க முடியும். பீஸ் பாக்கி என்று டிசியை இழுத்தடித்தால், டிசி பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை நினைவூட்டுங்கள், கோபப்படாமல்.

மாற்றிய பிறகு பிள்ளை முன்னால் பழைய மிஸ்ஸைத் திட்டாதீர்கள். அவனுக்கு அங்கே ஒரு கூட்டாளி இருந்திருப்பான். என் மகன் இன்னும் அங்கே படித்த பையனைக் கேட்பான். அவர்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிறு கூட்டிப் போனேன், அதைக் கொஞ்சம் முன்னாடியே செய்திருக்கலாம். புது இடத்தில் முதல் வாரம் முழுக்க அழுதான். அவன் அழுததைக் கேட்டு எனக்கு ஒருவகையில் நிம்மதியாகத்தான் இருந்தது. எட்டாம் நாள் பாட்டில் காலியாக வந்தது. கூடவே டைரியில் ஒரு புகார்: பாதித் தண்ணீரைப் பக்கத்துப் பையன் சட்டையில் ஊற்றிவிட்டானாம்.