மலைத் தண்ணீர் லைனுக்கு பிளாஸ்டிக் போல் வால்வு (ball valve) தெரிவு செய்வது எப்படி: அளவுக்கு முன் உயரம்

ஹார்ட்வெயார் கடையில் "ஒரு இஞ்சி வால்வு ஒன்று குடுங்க" என்றால் கையில் கிடைப்பதைத் தருவார்கள். வீடும் டாங்கியும் ஒரே மட்டத்தில் இருக்கிற ஊரில் அது பெரும்பாலும் போதும். ஊற்று தோட்டத்தின் மேல்கணக்கில் (மேல் பிரிவில்), லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) கீழ்கணக்கில் என்றிருக்கிற நம் பக்கத்தில் போதாது. எங்கள் தண்ணீர் லைனில் முன்பு போட்டிருந்த வால்வுகள் ஒவ்வொன்றாக வெடித்ததால் கமிட்டி வால்வுகள் எல்லாவற்றையும் மாற்றத் தீர்மானித்தது. அந்த வேலையைப் பார்த்தவன் என்ற முறையில், வால்வு வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைப் வெட்டுவது, டேப் சுற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: உயரத்தை அளந்து அழுத்தமாக மாற்றுங்கள்

10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். இங்கே உயரம் என்பது நேர்குத்து உயரம். பைப் எத்தனை மீட்டர் வளைந்து வளைந்து வருகிறது என்பது இந்தக் கணக்கில் சேராது. டாங்கிக்கும் கடைசி டெப்புக்கும் இடையில் 80 மீட்டர் இறக்கம் இருந்தால், அந்த டெப் பக்கத்து வால்வு 8 பாருக்குக் கொஞ்சம் குறைவான அழுத்தத்தைத் தாங்க வேண்டும்.

இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது: "எங்க டெப்புல தண்ணியே நூல் மாதிரிதான் வருது, அதுக்கு எதுக்கு 8 பார் வால்வு?" நியாயமான கேள்வி, ஆனால் விடை இராத்திரியில் இருக்கிறது. தண்ணீர் ஓடும்போது பைப்பின் உள்சுவரில் உராய்ந்து அழுத்தத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். இருபது வீட்டு டெப்பும் திறந்திருக்கிற காலை ஆறு மணிக்குக் கீழ் லயத்தில் அழுத்தமே இல்லாதது போலத் தெரிவது அதனால்தான். நடு இராத்திரியில் எல்லா டெப்பும் மூடியிருக்கும், தண்ணீர் அசையாது, உராய்வும் இல்லை. டாங்கி முதல் கீழ்வரைக்குமான முழு உயரமும் அப்படியே அடியில் வந்து நிற்கும். வால்வுக்குச் சோதனை அந்த நேரத்தில்தான். "ராத்திரி யாரும் தொடவே இல்ல, காலையில பாத்தா வெடிச்சிருக்கு" என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

உயரத்தை எப்படி அளப்பது? போனில் இருக்கிற உயரம் காட்டும் ஆப்பை நான் நம்புவதில்லை. மரத்தடியிலும் பள்ளத்திலும் அது பத்து, இருபது மீட்டர் பிசகும், அதாவது ஒன்றிரண்டு பார். ஏற்கெனவே லைன் இருந்தால் 0 முதல் 16 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி, ஆகக் கீழே இருக்கிற டெப்பில் மாட்டி, எல்லா டெப்பையும் மூடிவிட்டுப் பாருங்கள். எங்காவது ஒழுக்கு இருந்தால் கேஜ் குறைத்துக் காட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். புது லைன் என்றால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, மேசன்மார் மட்டம் பார்ப்பது போல, மலையில் இருந்து படிப்படியாக இறங்கி அளந்து கூட்டிக்கொள்ளுங்கள். அரைநாள் வேலை. செய்யலாம்.

படி 2: திடீரென மூடும்போது விழும் அடியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்

போல் வால்வுக்குள் ஓட்டையுள்ள பந்து ஒன்று சுழன்று திறக்கும், மூடும். அதற்குக் கைப்பிடி கால் சுற்றுத்தான். படக்கென்று மூடலாம், அதுவே அதன் சிக்கலும். ஓடி வந்த தண்ணீர் திடீரென நின்றால் அந்த வேகம் முழுவதும் அழுத்தமாக மாறி பைப்புக்குள் அடிக்கும். சுவருக்குள்ளே "டம்" என்று கேட்பீர்களே, அதுதான். பி.வி.சி. பைப்பில் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரைச் சட்டென நிறுத்தினால் சுமார் 3 முதல் 5 பார் வரை மேலதிகமாக ஏறும். பழைய ஜி.ஐ. (நாகம் பூசிய இரும்பு) பைப்பில் இது இன்னும் பல மடங்கு, 12 பாரைத் தாண்டும். மேலே சொன்ன 80 மீட்டர் இறக்கத்தோடு கூட்டிப் பாருங்கள், 10 பார் வால்வு எங்கே நிற்கும்?

எவ்வளவு வேகமாக மூடினால் "சட்டென்று" ஆகும்? அது லைனின் நீளத்தைப் பொறுத்தது. பி.வி.சி. பைப்பில் அந்த அடி வினாடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் ஓடும். 800 மீட்டர் லைனில் அது டாங்கி வரை போய்த் திரும்ப 4 வினாடி. அந்த 4 வினாடிக்குள் மூடினால் முழு அடியும் விழும். நீளமான லைனில் வால்வை மூட இருபது வினாடியாவது எடுங்கள். அதிலும் கடைசிக் கால்வாசியை ஆக மெதுவாக. எங்கள் வால்வுப் பெட்டி மூடியில் "மெதுவாக மூடவும்" என்று பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

இப்போது வால்வின் உடம்பில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பி.என். 10 என்றால் 10 பார், பி.என். 16 என்றால் 16 பார். ஆனால் 20 பாகை செல்சியசில்தான் அந்தக் கணக்கு. ஓய்வு அழுத்தம் (தண்ணீர் அசையாமல் நிற்கும்போது உள்ளது) வால்வில் எழுதிய பாரில் 60 வீதத்தைத் தாண்டக் கூடாது என்பது என் வழக்கம், மீதி அந்த அடிக்கு. ஒன்றுமே எழுதியில்லாத வால்வை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மெயின் லைனில் போடாதீர்கள், தோட்டத்து ஹோசுக்கு வைத்துக்கொள்ளலாம்.

பைப்பையும் மறக்க வேண்டாம். டைப் 600 என்று அச்சிட்ட பைப் 600 கிலோபாஸ்கல், அதாவது 6 பார்தான் தாங்கும். டைப் 1000 என்றால் 10 பார். 6 பார் பைப்பில் 16 பார் வால்வைப் பூட்டுவதால் ஒரு பயனும் இல்லை, வெடிப்பு பக்கத்து இணைப்புக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

அப்புறம், 60 மீட்டருக்கு மேல் இறக்கம் என்றால் விலை கூடிய வால்வு தேடுவதைவிட, நடுவில் அழுத்தம் முறிக்கிற தொட்டி ஒன்று கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். திறந்த சின்னத் தொட்டி, உள்ளே மிதவை வால்வு. தண்ணீர் அதில் விழுந்ததும் அழுத்தம் பூச்சியமாகி, அங்கிருந்து மறுபடி புதிதாகத் தொடங்கும். சீமெந்து, கல், இரண்டு நாள் கூலி. கீழே இருக்கிற ஒவ்வொரு டெப்பும் வாஷரும் அதன்பின் பிழைக்கும்.

படி 3: மில்லிமீட்டரா இஞ்சியா?

நம்மூர் பி.வி.சி. பைப் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பது. கடையில் அரை இஞ்சி என்பது 20, ஒரு இஞ்சி என்பது 32, இரண்டு இஞ்சி என்பது 63. வெளிநாட்டு வால்வுகளில் சில அமெரிக்க இஞ்சி அளவு. அதில் ஒரு இஞ்சிக்குரிய பைப் 33.4 மி.மீ. நம் 32 மி.மீ. பைப் அதற்குள் லொடலொடவென்று போகும், கம் அந்த இடைவெளியை நிரப்பாது. இரண்டு இஞ்சியில் நிலைமை தலைகீழ்: அவர்களுடையது 60.3, நம் 63 உள்ளேயே போகாது. கடைக்குப் போகும்போது ஒரு சாண் பைப் துண்டைக் கையில் கொண்டு போங்கள். கம் இல்லாமல் செருகும்போது பாதி ஆழத்துக்கு மேல் இறுக்கமாகப் போனால் சரி.

கறுப்பு ஹோஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: பொலித்தீன் குழாயில் பி.வி.சி. கம் ஒட்டவே ஒட்டாது. நட்டை முறுக்கி இறுக்கும் கம்ப்ரஷன் இணைப்பு உள்ள வால்வுதான் வேண்டும்.

படி 4: ஒற்றைத் துண்டா, யூனியனா?

ஒற்றைத் துண்டு வால்வு மலிவு. பழுதானால் வெட்டி எறிய வேண்டியதுதான். இரண்டு பக்கமும் யூனியன் நட் உள்ளது விலை கூட, ஆனால் நட்டைக் கழற்றி நடுப்பகுதியை மட்டும் எடுத்துக் கழுவலாம், மாற்றலாம். மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீரோடு மணல் வரும் நம் லைன்களில் டெஃப்லோன் இருக்கை (பந்து அமரும் வளையம்) கீறிப்போவது சகஜம். அதனால் மெயின் லைனுக்கு யூனியன், வீட்டு டெப்புக்கு ஒற்றைத் துண்டு என்பது என் கட்சி. மலிவான யூனியன் வால்வு சிலவற்றில் பந்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த நட் மட்டுமே. அழுத்தம் இருக்கும்போது கழற்றினால் பந்து வெளியே பாயும், முகத்தை நேரே வைத்துக்கொண்டு கழற்றாதீர்கள். பந்தைத் தனியாக ஒரு வளையம் முறுக்கிப் பிடித்திருக்கிற மொடல் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

போல் வால்வைப் பாதி திறந்து வைத்துத் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தும் பழக்கம் வேண்டாம். இடுக்கு வழியாகப் பாயும் மணல் இருக்கையை அரித்துவிடும், பிறகு மூடினாலும் ஒழுகும். அளவு குறைக்க வேண்டுமானால் குளோப் வால்வு போடுங்கள்.

படி 5: என்ன ஓடுகிறது, எவ்வளவு சூடு?

குளிர்ந்த தண்ணீருக்கு பி.வி.சி. உடம்பு, ஈ.பி.டி.எம். ரப்பர் ஓ-ரிங் போதும். டீசல், எண்ணெய் படும் இடத்தில் ஈ.பி.டி.எம். ஊதிப்போகும், அங்கே எஃப்.பி.எம். ரப்பர் வேண்டும். ஓ-ரிங்குக்கு வண்டி கிரீஸ் பூசுகிறவர்களும் இதே காரணத்துக்காக நிறுத்துங்கள், சிலிக்கோன் கிரீஸ் சின்ன டியூபில் கிடைக்கிறது. சோலார் ஹீட்டர், விறகு போய்லர் லைனில் சாதாரண பி.வி.சி. கூடவே கூடாது. 40 பாகையிலேயே அதன் தாங்குதிறன் நன்றாகக் குறைந்துவிடும், 60 பாகைதான் எல்லை. அங்கே சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி., பி.பி.ஆர். அல்லது பித்தளை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: அமுக்கிய காற்று லைனில் பி.வி.சி. வால்வைப் போடாதீர்கள். தண்ணீரில் உடைந்தால் ஒழுகும், காற்றில் உடைந்தால் சில்லுச் சில்லாகப் பறக்கும்.

படி 6: பூட்டுவது

திரெட் உள்ள வால்வென்றால் பிளாஸ்டிக் பெண் திரெட்டுக்குள் இரும்பு ஆண் திரெட்டை முறுக்காதீர்கள். ஜி.ஐ. திரெட் கூம்பு வடிவம், இறுக்க இறுக்க ஆப்பு போலப் பிளக்கும். அன்று பிளக்காது, இரண்டு மாதம் கழித்துப் பிளக்கும். ஜி.ஐ. பைப் முனைக்கு இரும்புச் சொக்கெட் போட்டு, அதற்குள் பிளாஸ்டிக் ஆண் திரெட்டை முறுக்குங்கள். அல்லது பித்தளை உள்வைத்த வால்வு வாங்குங்கள். சணல் வேண்டாம், டேப் மட்டும். கையால் இறுக்கி, அதற்கு மேல் ஒரு சுற்று. பைப் ரென்ச்சைப் பக்கத்திலேயே வைக்காதீர்கள்.

கம் ஒட்டும்போது யூனியன் முனைகளைக் கழற்றித் தனியாக ஒட்டுங்கள். ஒற்றைத் துண்டு என்றால் வால்வைத் திறந்த நிலையில் வைத்து, பைப்பில்தான் கூடுதலாகக் கம், வால்வுக்குள் மெல்லியதாக. இல்லாவிட்டால் வழிந்து பந்தையும் ஒட்டிவிடும். நுவரெலியா, ஹட்டன் பக்கக் குளிரில் கம் மெதுவாகத்தான் காயும். பைப்பில் மூடுபனி ஈரம் இருந்தால் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டி, ஒரு முழு நாள் கழித்தே தண்ணீர் விடுங்கள். வெயில் படும் வால்வுக்கு மூடி கட்டுங்கள், முதலில் நொறுங்குவது கைப்பிடிதான்.

பின்சேர்க்கை

பண்டாரவளைப் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: புது வால்வு போட்டபின் மேட்டு லயத்தில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறதாம். பேசிப் பார்த்ததில் வால்வில் குற்றமில்லை. லைன் நடுவில் ஒரு மேட்டை ஏறி இறங்குகிறது, அந்த உச்சியில் காற்று அடைத்திருக்கிறது. லைனைக் காலி செய்து நிரப்பினால் இப்படித்தான் ஆகும். உச்சியில் காற்றுப்போக்கி ஒன்று போட்டால் சரியாகும். அதேபோல ஆகப் பள்ளத்தில் மணல் கழுவ ஒரு வால்வு.

இன்னொருவர் டாங்கியில் டி.சி.எல். (குளோரின் தூள்) கரைசல் விடும் சின்ன லைனுக்கு எந்த வால்வு என்று கேட்டார். அங்கே சாதாரண போல் வால்வு ஆபத்து. மூடும்போது பந்தின் ஓட்டைக்குள் அகப்படும் குளோரின் கரைசல் மெல்ல வாயுவை விடும், போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி வால்வே வெடிக்கலாம். பந்தில் சிறு துளையிட்ட வால்வு தனியாக விற்கிறார்கள். மூடியிருக்கும்போது அந்தத் துளை கரைசல் வருகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும், உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பார்த்துப் பூட்டுங்கள். கிடைக்காவிட்டால் டயஃப்ராம் வால்வு போடலாம், அதில் கரைசல் அகப்பட இடமே இல்லை.