காலர் மைக்குக்கு ஃபாண்டம் பவர்: இணைப்பியையும் வடத்தையும் நாமே செய்தல்

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் சிறிய காலர் மைக் ஒன்றை, முனையை மட்டும் மாற்றித் தரும் மலிவான இணைப்பியின் மூலம் ஒலிப்பதிவு இடைமுகத்தில் (மைக்கைக் கணினியுடன் இணைக்கும் பெட்டியில்) செருகினால், பெரும்பாலும் ஒலியே வராது, அல்லது மைக்கே பழுதாகிவிடும். அந்த மைக்கினுள் ஒலியைப் பிடிக்கும் சிறு உறுப்பான எலெக்ட்ரெட் கப்சூலுக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 2 முதல் 10 வோல்ற்றும் அரை மில்லியம்பியர் அளவிலான ஓட்டமும் மட்டுமே. இடைமுகமோ ஃபாண்டம் பவராக, அதாவது மைக் வடத்தின் வழியாகவே அனுப்பும் மின்னாக, 48 வோல்ற்றைத் தருகிறது. இவ்விரண்டையும் பொருத்தும் இணைப்பியை ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம்.

ஃபாண்டம் பவர், மூன்று ஊசிகள் கொண்ட மைக் முனையான எக்ஸ்எல்ஆர் முனையின் 2ஆம், 3ஆம் ஊசிகளுக்குத் தனித்தனியே 6.8 கிலோஓம் தடையிகள் வழியாகச் சமமாக வழங்கப்படுகிறது. 1ஆம் ஊசி நிலம் (கிரவுண்ட்). நியமப்படி ஃபாண்டம் பவர் 44க்கும் 52க்கும் இடைப்பட்ட வோல்ற்றாக இருக்கலாம். 48 என்ற இலக்கம் நோர்வேயிலிருந்து வந்தது: 1966இல் நொய்மான் நிறுவனம் நோர்வே ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காக ஒலிவாங்கி செய்தபோது, அங்குள்ள கலையகங்களில் அவசரகால விளக்குகளுக்கென ஏற்கெனவே 48 வோல்ற்று இருந்தது.

இனிச் சுற்று. 2ஆம் ஊசியிலிருந்து ஒன்றும் 3ஆம் ஊசியிலிருந்து ஒன்றுமாக இரண்டு 22 கிலோஓம் தடையிகளை எடுத்து, அவற்றின் மறுமுனைகளை ஒன்றாக இணையுங்கள். அந்தச் சந்தியிலிருந்து நிலத்துக்கு 5.1 வோல்ற்றுச் சேனர் இருவாயி (வோல்ற்றளவைக் குறித்த மட்டத்தில் நிறுத்தும் இருவாயி) ஒன்றும், அதற்குச் சமாந்தரமாக 100 மைக்ரோபரட், 16 வோல்ற்றுக் கொள்ளளவி ஒன்றும் வர வேண்டும். சேனரின் கோடிட்ட முனை சந்தியை நோக்கியே இருக்க வேண்டும். சந்தியிலிருந்து 2.2 கிலோஓம் தடையி வழியாகக் கப்சூலின் நேர்முனைக்கு மின் செல்கிறது. கப்சூலின் மறுமுனை நிலத்துக்குப் போகிறது. நேர்முனையில் தோன்றும் ஒலிச்சமிக்ஞையை 10 மைக்ரோபரட், 63 வோல்ற்றுக் கொள்ளளவி ஒன்றின் மூலம் 2ஆம் ஊசிக்கு அனுப்புங்கள். ஊசிகளில் ஏறத்தாழ 38 வோல்ற்று நிற்பதால், இந்தக் கொள்ளளவியின் நேர்முனை எக்ஸ்எல்ஆர் பக்கமாகவே இருக்க வேண்டும். 25 வோல்ற்று வகையைப் போட்டால் அது தாங்காது.

3ஆம் ஊசியில் சமிக்ஞை எதுவும் இல்லை என்பதற்காக அதை வெறுமையாக விடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அங்கும் அதே 10 மைக்ரோபரட் கொள்ளளவியையும், அதைத் தொடர்ந்து நிலத்துக்கு ஒரு 2.2 கிலோஓம் தடையியையும் இடுங்கள். 2ஆம், 3ஆம் ஊசிகளின் இரு பக்கங்களும் நிலத்துக்குக் காட்டும் தடை சமமாக இருந்தால்தான், வீட்டு மின்சாரத்திலிருந்து வடத்தின் மீது ஏறும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் இரு ஊசிகளிலும் ஒரே அளவில் தோன்றி, இடைமுகத்தின் முன்பெருக்கியில் ஒன்றையொன்று அழிக்கும். சமப்படுத்தல் என்பது சமிக்ஞையைப் பற்றியதல்ல, தடையைப் பற்றியது. ஆகவே 1 வீதப் பிழையுள்ள தடையிகளையே வாங்கி, பத்துப் பன்னிரண்டை பல்மானியால் அளந்து, மிக நெருங்கியவற்றைச் சோடி சேருங்கள். சில ரூபாய்தான் கூடுதல் செலவு. இரைச்சலில் தெரியும் வேறுபாடு அதைவிடப் பெரிது.

கப்சூலுக்குக் குறுக்கே 10 வோல்ற்றுச் சேனர் ஒன்றையும் வைப்பது நல்லது. ஃபாண்டம் பவரை இடும் கணத்தில் 10 மைக்ரோபரட் கொள்ளளவி மின்னேறும்போது எழும் துடிப்பை அது மட்டுப்படுத்தும். அணைக்கும்போது வரும் எதிர்த் துடிப்பையும் அதுவே தடுக்கும்.

பெட்டி உலோகமாக இருக்க வேண்டும். அதை 1ஆம் ஊசியுடன் இணையுங்கள். நீண்ட எக்ஸ்எல்ஆர் வடத்திலோ முனையின் உறையை 1ஆம் ஊசியுடன் இணைக்காதீர்கள். கைப்பேசிக்கான நாலு தொடுமுனைச் செருகி கொண்ட மைக்காயின், அதற்கேற்ற குழியைத் தேடி அலைவதைவிடச் செருகியை வெட்டிவிட்டு நேரடியாகப் பற்றவைப்பதே உறுதியானது என்பது என் கருத்து.

வடத்துக்கு முறுக்கிய இரு கம்பிகளும் நெருக்கமான செப்புப் பின்னலும் உள்ள வகையைத் தெரிவு செய்யுங்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் காலி வீதிக்குக் கடற்பக்கமாக உள்ள ஒழுங்கைகளில் உப்புக்காற்று செப்பைப் பச்சை பிடிக்க வைக்கும். ஆகவே பின்னலை உரித்த கையோடு ஈயம் பூசி, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடிவிடுங்கள். (கரையோர ரயிலின் ஓசையை மட்டும் எந்த வடமும் தடுக்காது.) பற்றவைக்கும் கோல் 330 முதல் 350 பாகை செல்சியஸ் வரை இருந்தால் போதும். ஊசிகளைத் தாங்கும் பிளாஸ்டிக் உருகி ஊசி சாயாமலிருக்க, எதிர் முனையொன்றைச் செருகி வைத்துக்கொண்டு பற்றவையுங்கள். அதற்கு முன் எக்ஸ்எல்ஆர் முனையின் பின்மூடியை வடத்தில் கோத்துவிட்டீர்களா என்று பாருங்கள். நான் இன்றும் மாதத்துக்கு ஒருமுறையாவது அதை மறந்து, நன்றாகப் பற்றிய மூன்று முனைகளையும் கழற்றுகிறேன்.

மைக்கைப் பொருத்தும் முன் பரிசோதனை. ஃபாண்டம் பவரை இட்டு, 1ஆம் ஊசிக்கு எதிராக 2ஐயும் 3ஐயும் அளந்தால் இரண்டும் 38 வோல்ற்றை ஒட்டியும், தமக்கிடையே கால் வோல்ற்றுக்குள்ளும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 48ஐக் காட்டினால் அந்தப் பக்கத்து 22 கிலோஓம் தடையி பற்றவில்லை. பூச்சியமானால் எங்கோ நிலத்தோடு ஒட்டியிருக்கிறது. சேனரில் 5 வோல்ற்றுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டுவது இயல்பே. பின் பவரை அணைத்து, சில விநாடிகள் பொறுத்து, மைக்கைப் பொருத்திப் பதிவு செய்து கேளுங்கள். பெட்டியைக் கையால் தொடும்போது இரைச்சல் மாறுகிறதென்றால், பெட்டிக்கும் 1ஆம் ஊசிக்கும் இடையிலான கம்பியை மீண்டும் பற்றவையுங்கள்.