கைவிடப்பட்ட ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வீடு தேடுவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

"அக்கா, எங்களுக்கு மாற்றல் வந்துடுச்சு. வீட்ல ஒரு அல்சேஷன் இருக்கு. நல்லவங்களா யாராவது இருந்தா சொல்லுங்களேன்."

ஏப்ரல், மே வந்தால் இப்படி ஒரு அழைப்பாவது எனக்கு வந்துவிடும். (அல்சேஷன் என்பது ஜெர்மன் ஷெப்பர்டின் இன்னொரு பெயர்தான்.) கேட்கிறவர்களாவது பரவாயில்லை. கழுத்தில் பெல்ட்டோடு பைபாஸ் ஓரம் இறக்கிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்கு எந்த டீக்கடையில் பிஸ்கட் கிடைக்கும், எந்தச் சந்துக்குள் நுழையக் கூடாது என்பதெல்லாம் தெரியும். வீட்டுக்குள் வளர்ந்த ஷெப்பர்டுக்கு இதில் ஒன்றும் தெரியாது. போன வண்டி திரும்பி வரும் என்று இறக்கிவிட்ட இடத்திலேயே நிற்கும்.

அப்படி ஒரு நாய் உங்கள் கைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை, நான் செய்கிற வரிசையில் எழுதுகிறேன். நான் இருப்பது சென்னையில், அதனால் உதாரணங்களும் இந்த ஊரைச் சுற்றியே இருக்கும்.

தொடங்கும் முன்: இது ஆடு மேய்க்கும் நாய்

நம் ஊரில் அல்சேஷன் என்றால் போலீஸ் நாய், காவல் நாய். ஆனால் அதன் ஜெர்மன் பெயருக்கு அர்த்தமே 'மேய்ப்பனின் நாய்'தான். 1899இல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற முன்னாள் குதிரைப்படை அதிகாரி, ஹோராண்ட் என்ற நாயை முதல் நாயாகப் பதிவு செய்து இந்த இனத்தை வளர்க்கத் தொடங்கினார். வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆடுகள் மேயும்போது, பயிருக்குள் அவை இறங்காதபடி எல்லையோரமாகப் போய்ப் போய் வருவதுதான் இதன் வேலை. ஒரு நடமாடும் வேலி. நம் கீதாரிகளின் (ஊர் ஊராகப் போய் ஆடு மேய்ப்பவர்களின்) கிடை நாய்கள் ராத்திரி காவலுக்கு. இதுவோ பகல் முழுக்க ஓய்வில்லாமல் நடப்பதற்கென்றே வளர்க்கப்பட்டது.

என்னிடம் சில மாதம் இருந்த ஜூலி, எங்கள் வீட்டு மதிலோரமாக ஓடி ஓடி, பத்தே நாளில் புல்லில் ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டாள். சேட்டை என்றார்கள் பக்கத்து வீட்டில். அவள் பாட்டன் முப்பாட்டன் செய்த வேலையைத்தான் அவளும் செய்துகொண்டிருந்தாள். பார்டர் கோலி, பெல்ஜியன் மாலினாய் எல்லாமும் இந்த ரகம்தான். இது புரிந்துவிட்டால், நாம் தேட வேண்டியது பெரிய வீட்டை அல்ல, நேரம் உள்ள மனிதரை என்பதும் புரிந்துவிடும். கீழே வரும் எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: தொலைந்த நாயா, கைவிட்ட நாயா?

தெருவில் கிடைத்த நாய் என்றால் உடனே 'அடாப்ஷன்' என்று பதிவு போடாதீர்கள். பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து மதில் தாண்டி ஓடிவந்த நாயாக இருக்கலாம். யாரோ அழுதுகொண்டே தேடிக்கொண்டிருப்பார்கள்.

முதல் வேலையாக ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு) இருக்கிறதா என்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். இருந்தால் 15 இலக்க எண் வரும். பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். சுற்றுவட்டார வாட்ஸ்அப் குழுக்களில் 'நாய் கிடைத்திருக்கிறது' என்று போடுங்கள். ஒரு அடையாளத்தை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள்: காதில் ஒரு வெட்டு, மார்பில் வெள்ளைப் புள்ளி, ஏதாவது ஒன்று. "என் நாய்தான்" என்று வருபவர் அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், பழைய போட்டோவும் காட்ட வேண்டும். நான் இரண்டு வாரம் காத்திருப்பேன்.

வளர்த்தவரே கொண்டுவந்து தந்தால், இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும் கேட்டு வாங்குங்கள். தகுந்த காரணமில்லாமல் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல்முறைக்கு அந்தச் சட்டத்தில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

படி 2: மருத்துவம்

உங்கள் வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரம் தனி அறை, தனிப் பாத்திரம். பார்வோ, டிஸ்டம்பர் மாதிரி நோய்கள் வெளியே தெரியச் சில நாள் ஆகும்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் முதல் எதிரி உண்ணிதான். உண்ணிக் காய்ச்சல் ஜெர்மன் ஷெப்பர்டை மற்ற நாய்களைவிடக் கடுமையாகத் தாக்கும். சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு, ஈறு வெளுத்துப்போவது, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. எதுவும் தெரியாவிட்டாலும் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. தனியார் கிளினிக்கில் செலவு தாங்காது என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போடுவது இங்கே சகஜம். மேய்ப்பு இனங்களில் சில நாய்களுக்கு ஒரு மரபணுக் குறையால் அந்த மருந்து மூளைக்குள் போய்விடும். தள்ளாட்டம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. கோலி வகைகளில் இது பரவலாக உண்டு, ஷெப்பர்டில் குறைவு, ஆனாலும் உண்டு. "டாக்டர், இது மேய்ப்பு இனம், வேற மருந்து கொடுக்கலாமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். நல்ல மருத்துவர் கோபப்படமாட்டார்.

பின்னங்கால் இழுக்கிறதா, எழும்போது சிரமப்படுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். வெயிலுக்காக முடியை ஒட்ட மழித்துவிடாதீர்கள். அந்த இரட்டை அடுக்கு ரோமம் வெயிலையும் தடுக்கிறது. தினமும் சீவினால் போதும்.

குடற்புழு மருந்து, ரேபிஸ் உட்படத் தடுப்பூசிகள், உடம்பு தேறியதும் கருத்தடை. கருத்தடை செய்யாமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏன் என்று படி 5இல் சொல்கிறேன்.

உங்களுக்கும் ஒன்று. பல் பட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பழகின நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

படி 3: மூன்று வாரம், ஒரு நோட்டு

பலர் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். முதல் சில நாள் நாய் பயத்தில் சாதுவாக இருக்கும். "ரொம்ப அமைதி" என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். நிஜ குணம் வெளியே வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி தினமும் இரண்டு வரி எழுதுங்கள். சாப்பிடும்போது கிட்டே போனால் உறுமுகிறதா? பூனையைக் கண்டால்? காலிங் பெல் அடித்தால்? தனியாக விட்டால் எவ்வளவு நேரம் தாங்குகிறது? பைக்கைத் துரத்துகிறதா? ஆண்களைக் கண்டு ஒதுங்குகிறதா? எதைச் சொன்னால் உட்காருகிறது? சில நாய்களுக்கு முந்தைய வீட்டு மொழி இந்தியாகவோ தெலுங்காகவோ இருந்திருக்கும், அதையும் சொல்லிப் பாருங்கள்.

குழந்தைகள் ஓடும்போது குதிகாலைக் கவ்வுகிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். ஜூலி என் அண்ணன் மகனின் குதிகாலை இரண்டு முறை கவ்வினாள். ரத்தம் இல்லை, பல் பதிந்த தடம் மட்டும். அது கோபமில்லை, ஓடுகிற ஆட்டை மந்தைக்குத் திருப்புகிற வழக்கம். பழக்கி மாற்ற முடியும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அப்படிப்பட்ட நாயைக் கொடுக்கக் கூடாது.

இந்த நாட்களில் அதற்கு ஏதாவது வேலை கொடுங்கள். விடிகாலை ஆறு மணிக்கு முன்னும், தார் ரோடு ஆறிய பிறகு இரவிலும் நடை. நடுப்பகலில் வீட்டுக்குள்ளேயே துண்டுக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வது. மோப்பம் பிடித்துத் தேடுகிற பதினைந்து நிமிடம், ஒரு நீண்ட நடை அளவுக்கு அதைக் களைப்பாக்கும்.

படி 4: போட்டோவும் நாலு வரியும்

கூண்டுக் கம்பிக்குப் பின்னால் எடுத்த போட்டோ வேண்டாம். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டு, பகல் வெளிச்சத்தில், நீங்களும் தரையில் உட்கார்ந்து அதன் கண் மட்டத்தில் எடுங்கள். ஒரு மனிதர் பக்கத்தில் நின்றால் அளவு தெரியும். நடக்கிற மாதிரி 20 விநாடி வீடியோ ஒன்று.

எழுதும்போது பரிதாபத்தை மட்டும் நம்பாதீர்கள். அழுகை வரவழைக்கிற பதிவுக்கு ஆயிரம் பகிர்வு வரும், சரியான வீடு வராது. ஜூலிக்கு நான் எழுதியது:

"ஜூலி, சுமார் 4 வயது, பெண், 27 கிலோ. கருத்தடை, தடுப்பூசி முடிந்தது. உட்கார், இரு, வா தெரியும். சுருக்கமாகச் சொன்னால் வேலை கேட்டு நச்சரிப்பாள். தினமும் இரண்டு வேளை நடை தேவை. பூனையோடு ஒத்துவராது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள வீடு நல்லது. முடி கொட்டும், நிறைய. கட்டிப்போடவோ காவலுக்கோ கொடுப்பதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்த பிறகே தருவோம்."

கடைசி இரண்டு வரியைப் படித்தே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். அது நல்லதுக்குத்தான். 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் எங்கேயும் போடாதீர்கள்.

பதிவை எங்கே பரப்புவது? உங்கள் மருத்துவரின் கிளினிக் பலகையில் ஒட்டுங்கள். ஏற்கெனவே ஷெப்பர்ட் வளர்த்து, அது வயதாகி இறந்துபோன வீடுகளை மருத்துவருக்குத் தெரிந்திருக்கும். என் அனுபவத்தில் இவர்களைவிட நல்ல இடம் கிடையாது. அப்புறம் காலை நடைக் கூட்டம், அபார்ட்மென்ட் குழுக்கள், மீட்புத் தன்னார்வலர்கள். 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளிலும் கேளுங்கள். ஆனால் நேராகக் காப்பகத்தில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அங்கே அடிபட்டதும் நோய்ப்பட்டதுமாக ஏற்கெனவே நிறைய உயிர்கள். வீட்டு நாய் அந்தச் சத்தத்தில் ஒடுங்கிப்போகும்.

படி 5: போன் வரும்போது

"பெண் நாயா? கருத்தடை ஆகலையே?" என்று முதல் கேள்வி வந்தால், குட்டி போட்டு விற்பதற்கு என்று புரிந்துகொள்ளுங்கள். கருத்தடை ஆயிற்று என்றதும் வைத்துவிடுவார்கள். "பேப்பர் (வம்சாவளிச் சான்றிதழ்) இருக்கா, ஒரிஜினலா?" என்பதும் கிட்டத்தட்ட அதே.

இன்னொரு வகைதான் கஷ்டம், ஏனென்றால் அவர்கள் கெட்டவர்கள் இல்லை. "தோட்டம் இருக்குங்க, அஞ்சு ஏக்கர், ஜாலியா ஓடும்." இதில் நானே ஏமாந்திருக்கிறேன். ஜூலியை அப்படி ஒரு தோட்டத்துக்குத்தான் முதலில் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது பம்ப்செட் அறைக்குப் பக்கத்தில் ஆறடிச் சங்கிலியில் இருந்தாள். சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது, பேச ஆள் இல்லை. சங்கிலி எட்டுகிற தூரம் வரை மண்ணில் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது. அன்றே கூட்டிவந்துவிட்டேன். பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, மூன்றாவது மாடி ஃபிளாட், இரண்டு வேளையும் ஒரு மணி நேரம் நடக்கிறவர்கள், அவளை இரண்டாவதாக எடுத்தார்கள். இப்போது அவர்களோடுதான் இருக்கிறாள்.

அதனால் இப்போதெல்லாம் எவ்வளவு இடம் என்று நான் கேட்பதே இல்லை. காலையில் யார் நடக்கக் கூட்டிப்போவார், அவர் ஊரில் இல்லாத நாளில் யார்? பகலில் நாய் எங்கே, யாரோடு? ராத்திரி வீட்டுக்குள்ளா வெளியிலா? இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை நிதானமாகக் கேளுங்கள். "யாருக்கோ கொடுத்துட்டோம்" என்பதற்கும், அது கடைசி நாளில் என்ன சாப்பிட்டது என்பது வரை சொல்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் குரலிலேயே தெரியும்.

படி 6: வீட்டைப் போய்ப் பார்ப்பது

வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரத்தில் போங்கள். ஒருவருக்குப் பிடிக்காவிட்டால்கூட ஆறே மாதத்தில் நாய் திரும்பி வரும். ஷெப்பர்ட் சாதாரணமாக நாலரை அடி மதிலைத் தாண்டும், அதனால் கேட், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இரண்டையும் பாருங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். பிறகு நாயையும் அழைத்துப்போய், வீட்டுக்கு வெளியே சேர்ந்து ஒரு நடை.

படி 7: ஒப்படைக்கும் நாள்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பயந்து ஓடினால் திரும்பி வரப் புது முகவரி அதற்குத் தெரியாது.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம்: விற்கமாட்டேன், கட்டியே போடமாட்டேன், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் உங்களிடமே திருப்பித் தருவேன். அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளுங்கள். மைக்ரோசிப் இருந்தால், அதன் பதிவில் அவர்கள் போன் எண்ணை மாற்றுங்கள். மாநகராட்சி உரிமத்தையும் அவர்கள் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். நாய் படுத்த பழைய துணி, ஒரு வாரத்துக்கு அதே சாப்பாடு, உங்கள் நோட்டின் நகல் கூடவே போகட்டும்.

முதல் பத்து நாள் வெளியே போகும்போது கழுத்துப் பெல்ட்டோடு மார்புப் பட்டையும் சேர்த்து, இரண்டிலும் கயிறு. கதவைத் திறக்கும் முன் நாய் எங்கே என்று பார்க்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வர வேண்டும். விருந்தாளி, குளியல், புது ஆட்களின் கொஞ்சல் எதுவும் இப்போது வேண்டாம். முதல் மூன்று நாள் சாப்பிடாமல் மூலையில் கிடக்கலாம், அதற்காகப் பயந்து உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பழக மூன்று வாரம், தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும்.

படி 8: அதற்குப் பிறகு

மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் என்று போன் செய்யுங்கள். மூன்றாம் மாதம் நேரில் போங்கள். சோதனைக்கு வருவதுபோல் இல்லாமல், பழைய சொந்தக்காரர்போல் ஒரு டப்பா பிஸ்கட்டோடு போனால் அவர்களும் மனம்விட்டுப் பேசுவார்கள். சோபாவைக் கடித்தது, லிஃப்டில் குரைத்தது எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். பெரும்பாலும் நடையின் நேரத்தைக் கூட்டினாலே சரியாகிவிடுகிற விஷயங்களாக இருக்கும்.

திரும்பி வந்தால் யாரையும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்தமுறை அவர்கள் உங்களிடம் கொண்டுவரமாட்டார்கள், பைபாஸில் விடுவார்கள். அந்த வீட்டில் என்ன ஒத்துவரவில்லை என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு, படி 4இலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். அதுவரை, நாய் உங்கள் வீட்டில் சாப்பிட்ட கிண்ணத்தையும் நடைக் கயிற்றையும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாமல் எடுத்து வைத்திருங்கள்.