கச்சான் வெக்கையில் சைக்கஸ்

ஒவ்வொரு வருடமும் கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்றுத் தொடங்கி இரண்டு கிழமையில் யாராவது ஒருவர் கேட்பார். "அண்ணே, அந்த ஈச்சை மாதிரிச் சைக்கஸ் கன்று ஓலை எல்லாம் மஞ்சளாப் போகுது, காலையும் மாலையும் தண்ணி விடுறன், இன்னும் கூட்டவா?" கூட்ட வேண்டாம். முதலில் வாளியைக் கீழே வையுங்கள்.

கத்தாரில் ஏழு வருடம் தோட்ட வேலை பார்த்தேன். கோடையில் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டும் வெயிலில் சைக்கஸ் வரிசை வரிசையாக உயிரோடு நின்றது. ஊருக்கு வந்து மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் என் வளவில் வைத்த முதல் மூன்றில் இரண்டு செத்தன, அதுவும் நல்ல மாரியில், வேரில் தண்ணீர் நின்று. நமக்கு மே முதல் செப்டம்பர் வரை கிட்டத்தட்டப் பாலைவனம், நவம்பர் முதல் ஜனவரி வரை குளம். இரண்டுக்கும் சேர்த்து நட வேண்டியிருப்பதுதான் இங்கே உள்ள வில்லங்கம்.

இது பனையும் இல்லை, ஈச்சையும் இல்லை. பூ விடாமல் கூம்பு விட்டு விதை தருகிற, பைன் மரத்துக்குக் கிட்டின சொந்தம். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நாட்டு மருந்துக் கடையில் மதனகாமப்பூ என்று விற்பது பூவே அல்ல, ஒரு சைக்கஸ் இனத்தின் ஆண் கூம்புச் செதில். தடித்த தண்டில் தண்ணீரும் மாவும் சேமித்து வைத்திருப்பதால் ஒரு மாதம் மறந்துவிட்டாலும் சாகாது. வேரில் பவளம் மாதிரிக் கொத்துக் கொத்தாக மண்ணுக்கு மேலே எட்டிப் பார்க்கும் முடிச்சுகளைக் கண்டு நோய் என்று வெட்டிவிடாதீர்கள், அதற்குள் இருக்கும் நீலப்பச்சைப் பாசி காற்றிலிருந்து நைதரசன் பிடித்துக் கொடுக்கிறது.

எதை வாங்குவது? நர்சரியில் அதிகம் கிடைப்பது ஜப்பானின் தென்பகுதியைச் சேர்ந்த சைக்கஸ் ரெவலூட்டா. அழகுதான், ஆனால் பின்னேர வெயில் நேராக அடித்தால் ஓலை வெளிறிப்போகும். கடற்கரைப் பக்கம், கல்லடி, திருக்கோவில், பொத்துவில் என்று உப்புக் காற்றுப் படுகிற வளவுக்கு நான் சொல்வது சைக்கஸின் உறவான சேமியா ஃபர்ஃபுரேசியா, அது மெக்சிக்கோவின் வெராக்ரூஸ் கடற்கரை மணலில் வளர்கிற செடி. நல்ல வெட்ட வெளி வெயிலுக்கு டியோன் எடுலே கிடைத்தால் விடாதீர்கள், அதுவும் மெக்சிக்கோதான். நம் வறண்ட காடுகளிலேயே சைக்கஸ் நத்தோர்ஸ்தி என்ற இனம் இருக்கிறது. நம் வெயிலும் மாரியும் பழகியது என்றால் அதுதான். காட்டில் தோண்டி எடுக்க வேண்டாம், அது ஏற்கெனவே குறைந்துகொண்டு வருகிறது. யாராவது விதை கொடுத்தால் போடுங்கள், முளைக்கப் பல மாதம் எடுக்கும்.

இடம் பார்க்கும்போது வீட்டின் கிழக்குப் பக்கம் நல்லது. காலை வெயில் முழுக்கக் கிடைக்கும், இரண்டு மணிக்குப் பிறகு சுவரே நிழல் தரும். மேற்குச் சுவருக்குக் கிட்ட வைத்தால் சுவர் குடித்த வெக்கை இரவு எட்டு மணி வரை செடி மேல் அடிக்கும். நர்சரி நிழல்வலைக்குள் இருந்து வந்த கன்றை நேரே வெயிலில் வைத்தால் ஒரே நாளில் ஓலை வெந்து வெள்ளையாகும், அந்த ஓலை பிறகு பச்சையாகாது. நாலு கம்பு நட்டு மேலே ஒரு கிடுகு போட்டு, மூன்று கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

மண் விஷயத்தில் கரைவாசிக்கும் உள்வாசிக்கும் வழி வேறு. கரை மணலில் தண்ணீர் தானாக வடியும், சத்து மட்டும் நிற்காது. குழியை அகலமாக வெட்டி, நன்றாக மக்கின மாட்டெருவும் கரித்தூளும் கலந்து நிரப்பினால் போதும். அம்பாறைப் பக்கம் வயல் களி என்றால் குழியே வெட்டாதீர்கள். களியில் வெட்டிய குழி மாரிக்குக் கிணறாகிவிடும். தரைக்கு மேலே ஒன்றரை அடி மேடு போட்டு, பாதிக்குப் பாதி பருமணலும் கல்லும் கலந்து, அதன் உச்சியில் நடுங்கள். எங்கே நட்டாலும் தண்டின் குண்டுப் பகுதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். தேங்காய்ப் பொச்சுமட்டையைச் சுற்றிலும் பரப்பலாம், தண்டில் முட்டாமல் ஒரு சாண் விட்டு. மாரி தொடங்கும் முன் அதையும் இழுத்து எறிந்துவிடுங்கள்.

தண்ணீருக்கு என்னிடம் ஒரே சோதனைதான். அரை அடி கம்பியை மண்ணில் குத்தி இழுத்துப் பாருங்கள், ஈர மண் ஒட்டி வந்தால் அன்றைக்கு விடக் கூடாது. காய்ந்து வந்தால் இரண்டு வாளி, மெதுவாக, வேர்ப் பரப்பு முழுக்க, குருத்துக்குள் ஊற்றாமல். ஒரு வருடம் தாண்டின செடிக்குக் கச்சானில் கிழமைக்கு ஒரு தடவை எனக்குப் போதுமாக இருக்கிறது, சட்டியில் இருப்பதற்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை. தினமும் ஒரு சிரட்டை தெளிப்பது இருக்கிறதே, அதை விடச் சும்மா இருப்பது மேல்.

குழாய் பற்றியும் சொல்ல வேண்டும். கத்தாரில் வேலைக்குப் போன முதல் கோடையில், பகல் முழுக்க வெயிலில் கிடந்த கறுப்பு ஹோஸைத் திறந்து, புதுக் குருத்து விட்டிருந்த பத்துச் செடிக்கும் வரிசையாக அடித்துக்கொண்டு போனேன். முதல் ஒரு நிமிடம் வந்தது தேநீர் போடுகிற சூட்டுத் தண்ணீர். மறுநாள் காலையில் முதல் நாலு செடியின் குருத்தும் அவித்த கீரை மாதிரித் தொங்கியது. மேற்பார்வையாளர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் மோசம். ஊரிலும் மேல்தாங்கி இரண்டு மணிக்கு அப்படித்தான் கொதிக்கும், கையில் பிடித்துப் பார்த்துவிட்டு விடுங்கள்.

கோடை கடைசியில் கிணறு உவர்த்தால் ஓலை நுனி கருகத் தொடங்கும். வளைகுடாவிலும் சுத்திகரித்த கழிவுநீரில் இருந்த உப்பு இதே வேலையைச் செய்தது. மாற்றுத் தண்ணீர் இல்லையென்றால் கொஞ்சம் கொஞ்சமாக விடாமல் இடைக்கிடை நிறைய விட்டு உப்பைக் கீழே தள்ளுங்கள். வடிகிற மண்ணில் மட்டும்தான் இது சரிவரும்.

மஞ்சளுக்கு எல்லாரும் பசளை என்று ஓடுவார்கள். எந்த ஓலை என்று முதலில் பாருங்கள். பழைய கீழ் ஓலை ஓரத்தில் மஞ்சளாகி நடுவில் பச்சை நின்றால் மக்னீசியம் குறைவு, எப்சம் உப்புக் கொடுக்கலாம். புது ஓலையே மஞ்சளாக, சுருண்டு, கருகி வந்தால் அது மாங்கனீஸ் குறைவு, சுண்ணாம்பு கூடின மண்ணில் மாங்கனீஸ் இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, மாங்கனீஸ் சல்பேட் போட வேண்டும். கெட்டுப்போன ஓலை திருந்தாது, அடுத்த தடவை வரும் ஓலையில்தான் பலன் தெரியும்.

புது ஓலை விடுகிற நாலைந்து கிழமைதான் உண்மையான காவல் காலம். சுருள் சுருளாக, ரோமம் படர்ந்து, தொட்டால் முறிகிற மாதிரி இருக்கும். அப்போது சட்டியைத் திருப்பாதீர்கள், மண்ணைக் காய விடாதீர்கள், எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். எறும்பு ஏறினால் சிலாடஸ் பண்டாவா என்ற சின்ன நீலப் பட்டாம்பூச்சியின் புழு அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். புழு கசியவிடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும். இரண்டு மூன்று நாளில் ஒரு வருடத்து ஓலையை ஈர்க்கு மாத்திரம் மிஞ்ச விட்டுத் தின்று முடித்துவிடும். வேப்பெண்ணெயும் சவர்க்காரமும் கலந்து பின்னேரத்தில் அடிக்கலாம், ஆனால் நான் செய்வது அதைவிட லேசு. பழைய நுளம்பு வலையைக் குருத்துக்கு மேலே தளர்வாகப் போட்டுக் கீழே கயிற்றால் கட்டிவிடுவேன், ஓலை முற்றியதும் கழற்றுவேன். ஓட்டையைத் தைத்துவிட்டுப் போடுங்கள்.

பக்கக் கன்று பிரிப்பதென்றால் மாரி முடிந்து மண்ணில் தண்ணீர் இறங்கின பிறகு, பெப்ரவரி, மார்ச். கூரான கத்தியால் வெட்டி, ஓலையை எல்லாம் நறுக்கி, வெட்டுவாயில் கரித்தூள் பூசி ஒரு கிழமை நிழலில் காயவிட்டு, பருமணலில் பாதி புதைத்து வையுங்கள். வேர் விட மாதக்கணக்காகும், இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டாம்.

செடி முழுக்க நஞ்சு, விதை அதிலும் கூட. நாய் ஒன்றிரண்டு விதை கடித்தாலே ஈரல் போய்விடும். ஆடு, மாடு வளவுக்குள் திரிகிற வீடென்றால் வேலி போட்ட பிறகு நடுங்கள். வளைகுடாவிலிருந்து பெட்டிக்குள் கன்று ஒளித்துக்கொண்டு வர நினைக்கிற தம்பிமாருக்கும் ஒன்று, எல்லாச் சைக்கஸும் அருகிவரும் உயிரினங்களின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கிறது, அனுமதிப் பத்திரம் இல்லாமல் விமான நிலையத்தில் பிடிபட்டால் கன்றும் போகும், மானமும் போகும்.

ஓலை எல்லாம் விழுந்துவிட்டாலும் உடனே பிடுங்கி எறியாதீர்கள். தண்டைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால், புளித்த மணம் வந்தால், முடிந்தது. கல் மாதிரி இருந்தால் தண்ணீரைக் குறைத்துவிட்டு விட்டுவிடுங்கள். என் வளவில் மூன்றில் தப்பிய அந்த ஒன்று பதினொரு மாதம் மொட்டையாக நின்றது, மனைவி அதன் மேல் துவாய் காயப்போடவே தொடங்கிவிட்டா. ஒரு நாள் துவாயை எடுத்தால் அதற்குள் எட்டுக் குருத்து.