பகடைக் கேள்விக்குத் தலையைச் சுற்ற வேண்டாம்

போட்டித் தேர்வில் இரண்டு பகடைப் படங்களைக் கொடுத்து "இரண்டும் ஒன்றா?" என்று கேட்டால், பகடையை மனதுக்குள் சுழற்றாதீர்கள். மூன்று முகங்களும் சந்திக்கும் மூலையில் விரலை வைத்து, 1, 2, 3 என்ற வரிசை வலஞ்சுழியாகப் போகிறதா, இடஞ்சுழியாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு படத்திலும் ஒரே சுழி என்றால் அந்த மூன்று முகங்களும் பொருந்துகின்றன. மாறினால் அது வேறு பகடை.

பகடையை எப்படித் திருப்பினாலும் இந்தச் சுழி மாறாது, கண்ணாடிப் பிம்பத்தில்தான் மாறும். மனதில் சுழற்றுவதோ நிஜமாகவே நேரம் தின்னும் வேலை. உளவியல் ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971-இல் கனசதுரங்களை அடுக்கிய உருவங்களைக் காட்டிச் சோதித்தபோது, திருப்ப வேண்டிய கோணம் கூடக் கூட பதில் சொல்லும் நேரமும் அதே சீராகக் கூடியது. 180 பாகைக்கு நாலு வினாடிக்கு மேல்!

இரண்டு படங்களிலும் இரண்டு முகங்கள்தான் பொது என்றால் கணக்குத் தலைகீழ்: ஒரே பகடை என்றால் மூன்றாவது முகங்கள் எதிரெதிரானவை, அதனால் சுழி மாறித்தான் இருக்க வேண்டும். முகத்திலுள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்டால் மட்டும் இது உதவாது. அப்போது சுழற்றித்தான் ஆக வேண்டும்.