கப்பலில் ஏறிச் சோதனை: ஏணியும் மூடிய தொட்டியும்

நடுக்கடலில் சோதனைக்குப் போகும் குழுவை முதலில் காவு கேட்பது ஏணிதான். கப்பலை முழுதாக நிறுத்தச் சொல்லாதீர்கள், அலையில் உருளும். மெதுவாக, நேராக ஓடட்டும். காற்று மறைவுப் பக்கத்தில் படகை அணையுங்கள். கயிற்றேணிப் படிகளுக்கிடையே 31 முதல் 35 செ.மீ. இருக்க வேண்டும். ஏறும் உயரம் 9 மீட்டரைத் தாண்டினால் பக்கப் படிக்கட்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.

படகு அலையின் உச்சிக்கு வந்ததும் ஏணிக்கு மாறி, சட்டென்று நான்கு படி ஏறிவிடுங்கள். தயங்கினால் அடுத்த அலையில் எழும்பும் படகு காலை நசுக்கிவிடும். கை பக்கக் கயிற்றில் இருக்கட்டும், படியில் வேண்டாம்.

மேலே போனதும் மாலுமிகளைப் பட்டியலோடு ஒப்பிட்டு ஒரே இடத்தில் உட்கார வையுங்கள். தேடல் எப்போதும் இருவராக. மறைவறையைக் காட்டிக்கொடுப்பது அளவு நாடா: உள்நீளத்தையும் வெளிநீளத்தையும் கப்பல் வரைபடத்தோடு பொருத்திப் பாருங்கள். பழைய சுவரில் புதுப் பெயின்ட், திருகுத் தடம் பளபளக்கும் போல்ட் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள்.

மூடிய தொட்டிக்குள் துருவே ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்; மூக்குக்கு எதுவும் தெரியாது. காற்றோட்டம் கொடுத்தபின், வாயு மீட்டரைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் பாருங்கள். ஆக்ஸிஜன் 20.9 சதவீதத்துக்குக் குறைந்தால் நுழையாதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தால், மூச்சுக்கருவி இல்லாமல் காப்பாற்ற இறங்குபவரும் அவர் மேலேயே விழுவார்.